ரஸ்ட் படிக்கும்போது எங்கே தடுக்கும்? காசிமேட்டு ஏலக் கணக்கோடு ஒரு செய்முறை

எம்.சி. ரோட்டுத் துணிக்கடை இரைச்சல் காதில் விழும் தூரத்தில், பழைய வண்ணாரப்பேட்டை மாடி அறை ஒன்றில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கிறோம். புதிதாக யார் வந்தாலும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு சின்ன நிரல் போதும். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு கூடையும் என்ன விலைக்குப் போனது என்று தட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் மொத்தம் வர வேண்டும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். மாறிகளின் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்கள்) பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து ரஸ்ட் அதை ஏற்றுக்கொள்கிறது.

படி 1: நிறுவும்போதே நின்றுவிட்டால்

ரஸ்டை நிறுவித்தரும் ரஸ்டப் வழியாக நிறுவியாயிற்று, ஆனால் நிரலைக் கட்டி ஓட்டும் கருவியான கார்கோவின் பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறதா? டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பாதி பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

லினக்ஸில் 'லிங்கர் சிசி நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் கோளாறு ரஸ்டில் இல்லை. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் துண்டு துண்டாக உருவாக்கியதை ஒன்றாக இணைக்கும் வேலையைக் கணினியில் இருக்கும் லிங்கர்தான் செய்கிறது. உபுண்டு என்றால் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' போடுங்கள். விண்டோஸில் இதே வேலைக்கு விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸின் சி++ பகுதி வேண்டும். அது ஜிபி கணக்கில் இழுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆரம்பிக்காதீர்கள்.

படி 2: பிழையை மேலிருந்து படியுங்கள்

ஒரு சின்னத் தவறுக்கே சில சமயம் பத்துப் பதினைந்து பிழைகள் கொட்டும். எல்லோரும் கடைசிப் பிழையைத்தான் பார்க்கிறார்கள், அது திரையில் கண்ணெதிரே நிற்பதால். மேலே உருட்டிப் போய் முதல் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழையோடு இ0382 மாதிரி ஒரு எண் வரும். 'ரஸ்ட்சி --எக்ஸ்பிளெயின்' என்று எழுதி அந்த எண்ணைக் கொடுத்தால், உதாரணத்தோடு ஒரு பாடமே நடத்தும். அப்புறம், ஒவ்வொரு முறையும் கார்கோ பில்ட் வேண்டாம். பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் 'கார்கோ செக்' போதும், வேகமாக முடியும்.

படி 3: மாற்ற முடியாத மாறி

'லெட் மொத்தம் = 0' என்று எழுதிவிட்டு அதில் கூட்டப் போனால் இ0384 வரும். 'லெட் மியூட் மொத்தம்' என்று மாற்றுங்கள். சரி, அடுத்தது.

படி 4: முதல் கூடைக்கு ஓடுகிறது, இரண்டாவதில் விழுகிறது

எங்கள் அறையில் அதிக நேரம் தின்றது இதுதான். ரீட்லைன் மூலம் விலையை வாங்கி, பார்ஸ் மூலம் எண்ணாக்குகிறோம். உடனே 'இன்வாலிட் டிஜிட்' என்று பானிக், அதாவது நிரல் பாதியிலேயே நின்றுவிடும். நீங்கள் 1200 என்று தட்டி என்டர் அழுத்தினீர்கள் அல்லவா, அந்த என்டரும் சரத்தின் (தட்டிய எழுத்துகளின் வரிசை) கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பார்ஸுக்கு முன்னால் 'ட்ரிம்' போட்டால் அது உதிர்ந்துவிடும்.

இப்போது முதல் கூடை சரியாக ஓடும். இரண்டாவது கூடைக்கு 800 என்று தட்டினால் மறுபடியும் அதே பிழை! ஏனென்றால் ரீட்லைன் பழையதை அழித்துவிட்டு எழுதுவதில்லை, பழையதன் பின்னால் சேர்க்கிறது. சரத்துக்குள் 1200, ஒரு என்டர், 800, இன்னொரு என்டர் என்று எல்லாம் கிடக்கும். ட்ரிம் இரண்டு ஓரங்களைத்தான் வெட்டும், நடுவில் இருக்கும் என்டரைத் தொடாது. கூடைக்குக் கூடை திரும்ப ஓடும் பகுதியான லூப்பின் தொடக்கத்தில் அந்தச் சரத்துக்கு 'கிளியர்' போடுங்கள், அல்லது சரத்தையே லூப்புக்குள் புதிதாக உருவாக்குங்கள். 1,200 என்று கமா வைத்துத் தட்டினாலும் இதே பிழைதான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூடை கைமாறிவிட்டது

விலைகளை ஒரு வெக்டரில் (நீளக்கூடிய பட்டியல்) போட்டு, 'கூட்டு' என்ற ஃபங்ஷனுக்கு (பெயர் வைத்த தனி நிரல் துண்டு) அனுப்புகிறீர்கள். அடுத்த வரியில் அதே வெக்டரை அச்சிடப் போனால் இ0382: கைமாறிய பொருளைத் தொடுகிறாய் என்கிறது. ஏலத்தில் கூடை போன பிறகு பழைய ஆள் அதைத் திறந்து மீனை எண்ண முடியுமா? அந்த நியாயம்தான் இங்கேயும்.

ஃபங்ஷன் வெறுமனே பார்த்துக் கூட்டினால் போதும் என்பதால், & போட்டுக் கடனாகக் கொடுங்கள். ஃபங்ஷனின் தலைப்பிலும் & வேண்டும், அழைக்கும் இடத்திலும் வேண்டும். 'அப்படியென்றால் ஒற்றை எண்ணைக் கொடுத்தபோது ஏன் பிழை வரவில்லை?' என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எண்கள் நகலாகிப் போகும். விலையை நீங்கள் பக்கத்து ஆளிடம் சொன்னால், அது அவரிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். கூடை அப்படியில்லை.

முழு நகல் எடுக்கும் 'க்ளோன்' போட்டுத் தப்பிக்கலாமா? முதல் மாதத்தில் தாராளமாகப் போடுங்கள், பாவமில்லை. ஏன் போட்டோம் என்று தெரிந்திருந்தால் சரி.

படி 6: கையில் பிடித்துக்கொண்டே சேர்ப்பது

'லெட் முதல் = &விலைகள்[0]' என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு வெக்டரில் இன்னொரு விலையை 'புஷ்' செய்து, அப்புறம் 'முதல்' என்பதை அச்சிட்டால் இ0502. புதியவர்களுக்கு இது வீண் கண்டிப்பு போலத் தெரியும். ஆனால் இடம் போதாமல் போனால் வெக்டர் மொத்தமாக வேறு இடத்துக்குக் குடிபோய்விடலாம். நீங்கள் காலியான பழைய வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். சி மொழியில் இது சத்தமில்லாமல் நடந்து, என்றைக்கோ ஒருநாள் கழுத்தை அறுக்கும். இங்கே & குறியை எடுத்துவிட்டு எண்ணையே நகலெடுங்கள், அல்லது அச்சிட்ட பிறகு புஷ் செய்யுங்கள்.

படி 7: மீன் பெயரைத் தமிழில் வைத்தால்

ஆங்கில விளக்கங்களில் இதை அதிகம் காண மாட்டீர்கள். 'வஞ்சிரம்' என்ற சரத்துக்கு 'லென்' கேட்டால் 24 வரும். 'கேர்ஸ்' எடுத்து எண்ணினால் 8. நம் கண்ணுக்கோ 5 எழுத்து. மூன்றுமே சரிதான். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் இகரக் கொக்கியும் தனித்தனிக் குறிகள். அதனால் [0..1] என்று வெட்டினால் எழுத்தின் நடுவே கத்தி விழுந்து நிரல் பானிக் ஆகும். 'சீலா'வின் முதல் எழுத்தைக் கேர்ஸ் வழியாக எடுத்தால் சீ வராது, வெறும் ச வரும். நாம் எழுத்து என்று சொல்வதை அப்படியே எண்ண 'யூனிகோட்-செக்மென்டேஷன்' என்ற கிரேட்டை (பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்பு)ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய லேப்டாப்காரர்களுக்கு ஒன்று. நாளாக ஆக டிஸ்க் நிரம்புகிறது என்றால் ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் 'டார்கெட்' ஃபோல்டரைப் பாருங்கள். 'கார்கோ கிளீன்' கொடுத்தால் அது மட்டும் காலியாகும், நீங்கள் எழுதிய நிரல் அப்படியே இருக்கும். அடுத்த பில்ட் கொஞ்சம் நேரம் எடுக்கும். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.