பில் போடும் நேரத்தில் வெள்ளி விலை பார்க்காமல் இருப்பது எப்படி?

ஒரு கையில் பில் புத்தகம், மறு கையில் போன், நடுவில் தராசு. சேலம் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கணக்கு எழுதுபவர்கள் பலருக்கும் நாள் இப்படித்தான் போகிறது. புதிதாகக் கணக்கு வேலைக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு தாள், பேனா, கடிகாரம் போதும்.

படி 1: முதலில் சோதித்துப் பாருங்கள்

தாளில் 'சேர்வராயன்மலை' என்று எழுதுங்கள். அதன் கீழ் வரியில் 1 முதல் 8 வரை எழுதுங்கள். எத்தனை வினாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அதையே மாற்றி மாற்றி எழுதுங்கள்: மேலே 'சே', கீழே 1, மேலே 'ர்', கீழே 2, மேலே 'வ', கீழே 3... எழுதுவது அதே எட்டு எழுத்து, அதே எட்டு எண். ஆனாலும் நேரம் கூடும்; நடுவில் எங்கே விட்டோம் என்று ஒரு கணம் திகைப்பீர்கள்.

ஆர்தர் ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் 1927-லேயே இதைக் கணக்குகளை வைத்து அளந்து காட்டினார். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடுவதைவிட, வகையை மாற்றி மாற்றிப் போட அதிக நேரம் பிடிக்கிறது. 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இன்னொன்றைச் சொன்னார்: பாதியில் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. நேரம் போனால்கூடப் பரவாயில்லை. 412 கிராம் என்பது பில்லில் 421 ஆகிவிட்டால், அதை யார் தலையில் கட்டுவது?

படி 2: கோடு போடுங்கள்

ஒரு நாள் மட்டும், கையில் இருக்கும் வேலையை விட்டு வேறொன்றுக்குத் தாவும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு. ஆள் வந்து கூப்பிட்டால் மேல் பாதியில். போன்தான் காரணம் என்றால் கீழ் பாதியில்.

படி 3: போனை மட்டும் கட்டுப்படுத்துங்கள்

இதுதான் முக்கியம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் பக்கத்தில் இருப்பவர் வளைவு வந்ததும் பேச்சைத் தானே நிறுத்திக்கொள்வார். போனில் பேசுபவருக்கு வளைவு வருவது தெரியாது. கடையிலும் அதே கதைதான். நீங்கள் எடை போடுவதைப் பார்த்தால் எதிரே நிற்பவர் காத்திருப்பார். வாட்ஸ்அப்புக்குக் கண் கிடையாது.

ஆகவே போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, முதலாளி, வீடு என முக்கியமான சில எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வெள்ளி விலை பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. விலை பேசி முடிக்கும்போது பார்ப்பது வேறு, அது வியாபாரம். மற்ற நேரத்தில் பார்ப்பது வெறும் அரிப்பு.

படி 4: சின்னத் துண்டாக ஒரு வேலை

பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமோடோரோ என்பது கடிகாரம் வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரே வேலையைச் செய்யும் முறை. அதில் ஒரு சுற்று 25 நிமிடம். கடையில் அவ்வளவு கிடைப்பது சந்தேகம்தான். 15 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். 'கணக்குப் பார்க்கணும்' என்று பொதுவாக வைக்காமல், 'நேற்றைய கூலி பில்களை ஏற்றணும்' என்று எழுதி எதிரே வையுங்கள்.

படி 5: எழும் முன் ஒரு வரி

"தம்பி, அந்த டிசைனைக் காட்டு" என்று குரல் வந்தால் போகத்தான் வேண்டும். "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு, 'பில் 37 முடிந்தது, 38-இல் கூலி சேர்க்கணும்' என்று கிறுக்கிவிட்டு எழுங்கள். இப்படிக் குறித்து வைத்தால் புதிய வேலையிலும் கவனம் நிற்கிறது என்பதை லெராய் பின்னர் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது.

சரி, எதையுமே சேர்த்துச் செய்யக் கூடாதா? செய்யலாம். கொலுசுகளைப் பெட்டியில் அடுக்கும்போது பாட்டு ஓடட்டும். தராசைத் தொடும்போது அதையும் நிறுத்திவிடுங்கள்.