குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு: துண்டறிக்கையும் தங்க ரிப்பனும் தயாரிக்கும் முறை

செப்டம்பர், குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பிப்ரவரி 15 அதற்கான உலக நாள். எதற்குத் தயாரித்தாலும் மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். ரிப்பனுக்கு ஒரு மாலை போதும். வாசகம் எழுதத்தான் நாள் பிடிக்கும்.

படி 1: தலைப்பு வாசகம்

"புற்றுநோய் என்னும் அரக்கன்" என்று தொடங்கினால் படிப்பவர் பயந்து மடித்து வைத்துவிடுவார். பயந்தவர் மருத்துவமனைக்கு வருவதில்லை, மறைக்கிறார். வெறுமனே "குணமாகும்" என்று போடுவதும் ஆபத்து. இரத்தப் புற்றுநோயில் (லுக்கிமியா) சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்திலேயே பல குழந்தைகள் தெளிந்து ஓடியாடுவார்கள். "சரியாயிடுச்சே" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பும். முழு சிகிச்சை முடியப் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே நம்பிக்கையோடு நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில் வரட்டும்:

"சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடித்தால், குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான புற்றுநோய்களைக் குணப்படுத்த முடியும்."

"80 சதவீதம் குணமாகிறது" என்று போடும் ஆசை வரும். அது வசதியான நாடுகளின் கணக்கு. ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழ்தான். 2030க்குள் உலக அளவில் 60 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வைத்த இலக்கு. துண்டறிக்கையில் எண்ணே வேண்டாம்.

"நோயை வென்ற வீரன்" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதைப் படிப்பார்.

படி 2: பின்பக்கம், அறிகுறிகள்

ஏ5 அளவு, 14 புள்ளிக்குக் குறையாத எழுத்து. இவை போதும்:

- கண்ணின் கருமணியில் வெள்ளை ஒளி (ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்திலும் தெரியலாம்), புதிதாக வந்த மாறுகண்
- வயிறு, கழுத்து, அக்குள், இடுப்பில் கட்டி
- காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளிறல், எடை குறைதல், அடிபடாமலே கன்றிப்போதல்
- தூக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலி
- காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம்

கீழே கட்டாயம்: "இவை பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால் வருபவை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் வெள்ளை ஒளியோ கட்டியோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்." படத்தின் கோணத்தாலும் வெள்ளை ஒளி தெரிவதுண்டு, இருந்தாலும் கண் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், அக்கம்பக்கத்தில் எல்லோரும் அமுக்கிப் பார்க்க விடக்கூடாது. சிறுநீரகக் கட்டியாக இருந்தால் உடையக்கூடும்.

கடைசி இரண்டு வரி: இது தொற்றாது, பெற்றோர் செய்த தவறால் வந்ததல்ல. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் சேருங்கள். செலவுக்குப் பயந்தே தள்ளிப்போடுபவர்கள் பலர்.

படி 3: படம்

மொட்டைத் தலையோடு அழும் குழந்தையின் படம் நன்கொடை தரும், நம்பிக்கை தராது. குழந்தைகள் வரைந்த ஓவியம் மேல். உண்மைப் படம்தான் வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு, குழந்தைக்கும் சம்மதமா என்று கேளுங்கள். பெயர், பள்ளி, ஊர் போடாதீர்கள். பத்து வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சில் அந்தப் படம் முளைக்கும்.

படி 4: சோதனை

விஷயம் தெரியாத ஐந்து பேரிடம் கொடுத்து, அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு, "என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். "யாரிடம் காட்டணும்" என்பது பதிலில் வராவிட்டால் திருத்துங்கள். அச்சுக்குப் போகுமுன் மருத்துவர் ஒருவர் படிக்கட்டும்.

படி 5: ரிப்பன் (100க்கு)

1 செ.மீ. அகலத் தங்க நிற சாட்டின், 16 மீட்டர். மஞ்சள் வாங்கிவிடாதீர்கள், அது வேறு அடையாளம். 15 செ.மீ. துண்டுகளாகச் சாய்வாக வெட்டி, முனையை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டுங்கள், நூல் பிரியாது. அதிகம் காட்டினால் கருகும். வளையமாக்கிக் கீழே 4 செ.மீ. விட்டுக் குறுக்கிட்டு, அந்த இடத்தில் ஊக்கு குத்துங்கள். பசை வேண்டாம், சாட்டினில் கறை ஊறும். சின்னப் பிள்ளைகளுக்கு ஊக்குக்குப் பதில் ஸ்டிக்கர்.

ரிப்பனைத் தனியாகக் கொடுக்காமல் துண்டறிக்கையிலேயே குத்திக் கொடுங்கள். மிஞ்சியவற்றை அங்கன்வாடியிலும் மருந்துக்கடையிலும் வையுங்கள். காய்ச்சல் மருந்துக்கு மூன்றாவது முறை வரும் தாய் அங்கேதான் நிற்பார்.