தொட்டியும் மீனும் ஒரே நாளில் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் இருக்கும் தெருக்களில் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். அப்பா இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை வண்டியில் ஏற்றுவார். அம்மா கையில் கூழாங்கல் மூட்டை. குழந்தையின் இரண்டு கைகளிலும் ரப்பர் பேண்டு போட்ட பைகள், உள்ளே பத்துப் பன்னிரண்டு மீன்கள். அன்று மாலையே வீட்டில் தொட்டிக்கு விளக்கு எரியும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதி மீன் செத்து மிதக்கும்.

என் முதல் தொட்டியும் அப்படித்தான் போனது. நான்காம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்தது. வாங்கிய கடையில் கேட்டேன். "முழுத் தண்ணியையும் மாத்திடுங்க சார், கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் நல்லா கழுவிடுங்க" என்றார்கள். அப்படியே செய்தேன். மிச்சமிருந்த மீன்களும் இரண்டே நாளில் போய்விட்டன. அந்த யோசனை ஏன் தவறு என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அது புரிந்துவிட்டால் புதியவர்கள் செய்யும் மற்ற தவறுகளில் பாதி தானாகவே நின்றுவிடும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

மீன் தன் உடம்பிலிருந்து அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், பெரும்பகுதி செவுள் வழியாக. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதேதான் உண்டாகும். ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மீன் அதே தண்ணீரில்தான் மூச்சுவிட்டாக வேண்டும். இந்த விஷத்தைச் சரிக்கட்டுவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதில் ஆபத்து மிகக் குறைவு, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து வாழ்வதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே மீனை விட்டால், பளிங்குபோலத் தெரியும் தண்ணீரில் அது தன் விஷத்திலேயே நீந்துகிறது. ஃபில்டரையும் கல்லையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால், அப்போதுதான் முளைத்து வந்த கொஞ்சநஞ்சம் பாக்டீரியாவும் குளோரினில் செத்துப்போகும். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனக்கு நடந்தது இதுதான். முதல் வாரத்து வெள்ளைக் கலங்கல் வேறு வகை பாக்டீரியா திடீரெனப் பெருகுவதால் வருவது, தொட்டியில் மீன் இல்லாதபோது அதை அப்படியே விட்டால் சில நாளில் தானே தெளியும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும், பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7.5, 8 என்று காட்டும். அம்மோனியாவின் விஷத்தன்மை பி.எச்சோடு சேர்ந்து ஏறும். பி.எச் 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில் அதே அளவு அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்கு கொடியது. வெயில் ஏற ஏற இன்னும் கூடும். குளிர் நாட்டில் எழுதிய யோசனையைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்தால் தப்பாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த ஆறு வாரம் என்ன செய்வது? தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும், அதைத் தின்று பாக்டீரியா வளரும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையும். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அம்மோனியா முதலில் ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். டியூபில் நிறம் மாறுவதை நோட்டில் எழுதி வைப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வம் நமக்குக்கூட இருக்காது.

தொட்டியின் அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். சின்னதாக ஆரம்பிப்போம் என்று கண்ணாடிக் கிண்ணம் வாங்குவார்கள். உண்மையில் சின்னதுதான் கஷ்டம். ஐந்து லிட்டரில் ஒரு சிட்டிகை தீனி கூடினால் போதும், மறுநாளே தண்ணீர் கெடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி முழுக்க நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். அதுதான் நல்ல தொடக்கம். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 70 கிலோவைத் தாண்டும் என்பதால் டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள். மட்டமான, உறுதியான மேடையில், அடியில் தெர்மாகோல் விரித்து, ஜன்னல் வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். சமவெளி ஊர்களில் ஹீட்டர் பெரும்பாலும் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். ஆர்ஓ தண்ணீர் சுத்தமானதுதானே என்று அதை மட்டும் ஊற்றுவதும் தவறு. மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் அதில் ஏறக்குறைய இல்லை. கடினமான போர் தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை அலங்காரத்துக்குப் போடாதீர்கள். அவை சுண்ணாம்பு, மெல்லக் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

அடுத்து மீன். கடையில் தெரிவது குட்டி மீன் என்பதை மறந்துவிடுகிறோம். கோல்டு ஃபிஷ் விரலளவு இருக்கும்போது அழகு, ஆனால் அது கெண்டை வகை. ஓரளவு நல்ல இடம் கிடைத்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். அதற்கு இரைப்பையே கிடையாது, தின்றுகொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கும். முதல் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமில்லாத மீன் அரிது. ஆனால் அதிகம் விற்பது அதுதான். ஷார்க் என்று சொல்லி விற்கும் வெள்ளிநிற மீன், ஹோட்டலில் பாசா என்று தட்டில் வருகிறதே, பெரும்பாலும் அதே மீனின் குஞ்சு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டும் சக்கர் ஃபிஷ் ஓரடியைத் தாண்டும், அது போடும் கழிவு அது தின்னும் பாசியைவிட அதிகம். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் அது பெருகிவிட்டது. அதன் முள்ளும் எலும்புபோன்ற தோலும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இரண்டடித் தொட்டிக்கு நான் சொல்வது ஆறு ஜீப்ரா டேனியோ, அல்லது ஆறேழு ஆண் கப்பி. டேனியோ கங்கைச் சமவெளி மீன், உறுதியானது, கூட்டமாக இருந்தால்தான் சந்தோஷமாக ஓடும். ஒன்று இரண்டாக வாங்கினால் மூலையில் ஒளியும். கப்பியில் பெண்ணையும் சேர்த்தால் நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டி. ஆணைப் பிரித்தாலும் சேமித்து வைத்த விந்தால் பல மாதம் போட்டுக்கொண்டே இருக்கும். ஃபைட்டர் மீனில் ஆண் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். கடையில் பிளாஸ்டிக் கப்பில் அது உயிரோடு இருப்பது மேலே வந்து காற்றைச் சுவாசிக்க முடிவதால். அதற்கும் நல்ல தண்ணீரும் இடமும் வேண்டும். முதலில் மூன்று நான்கு மீன் மட்டும் விடுங்கள், இரண்டு வாரம் கழித்து மீதி. ஒரேயடியாகப் பத்து மீன் விட்டால் பாக்டீரியாவால் ஈடுகொடுக்க முடியாது.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். மீன் எப்போதும் பசி என்றுதான் காட்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றி, அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசுங்கள். கோடையில் கரன்ட் போனால் ஃபில்டர் நிற்கும், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீன் சோர்ந்து கிடந்தால் உடனே நீல மருந்தை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். மெதிலீன் புளூ என்ற அந்த மருந்து ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவையும் பாதிக்கும். முதலில் அம்மோனியா பாருங்கள், பத்தில் ஏழு எட்டு தடவை அதுதான் காரணம் என்பது என் அனுபவம். அப்படியானால் கால்பங்கு தண்ணீர் மாற்றினாலே மீன் தெளியும். மருந்துதான் வேண்டும் என்றால் தனி பக்கெட்டில் வைத்துக் கொடுங்கள்.

மீன் வீட்டுக்கு வரும் நாளில் அவசரம் வேண்டாம். பையைக் கட்டியபடியே தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். அப்புறம் அவிழ்த்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றி, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள். தீனி மறுநாள் காலையில் போடலாம்.