தனுஷ்கோடி சர்ச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி சர்ச் முன்னால் பலரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள். அது கருங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். சாய்வெயிலில் பார்த்தால் பூப்பூவாய், தேன்கூடு மாதிரிக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சிறு கடலுயிர் குடியிருந்த வீடு. அந்தச் சாய்வெயில் கிடைக்கக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மணல் சுடும், நிழலும் கிடையாது. தண்ணீர், தொப்பி அவசியம்.

அப்புறம், சுவரில் ஏறாதீர்கள். உப்புக்காற்றில் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. கரையில் கிடக்கும் பவளத்துண்டைப் பையில் போடவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுப்பது குற்றம். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள்.