உங்க தேயிலைத் தோட்டத்துல யாரு மேல, யாரு கீழ, ஏன்னு நீங்களே கண்டுபிடிக்கிறது எப்படி

இங்க இலங்கையில ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற தங்கச்சிமார் ரெண்டு பேர் கேட்டாங்க, சமூக அடுக்கமைவுக்கு, அதாவது சமூகத்துல சிலர் மேலயும் சிலர் கீழயும் இருக்கிறதுக்கு, காரணம் என்னன்னா மார்க்ஸ் சொத்துன்னாரு, வெபர் அதோட அந்தஸ்தையும் அதிகாரத்தையும் சேத்தாருன்னு மனப்பாடம் பண்ணி எழுதுறோம், ஒன்னும் வெளங்கலண்ணேன்னு. வெளங்காது தான். ஒரு கொப்பிய எடுத்துட்டு தோட்டத்துக்குள்ளயே ஒரு ரவுண்டு போங்க.

மொதல்ல வீடுகள வரைங்க. தொரை (தோட்ட மேனேஜர்) இருக்கிற பங்களா, ஸ்டாப் குவாட்டர்ஸ், தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடான லயம். எங்க தோட்டத்துல பங்களா உச்சியில, அங்கயிருந்து பாத்தா எல்லா லயத்துக் கூரையும் தெரியும், லயத்துல இருந்து பாத்தா பங்களா வேலி மரம் மட்டும் தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்துல, இது நிக்கிற காணி யாரு பேர்லன்னு எழுதுங்க. நூறு வருசத்துக்கு மேல ஒரே லயத்துல இருந்த குடும்பத்துக்கு நேரா என்ன எழுதுறீங்கன்னு பாருங்க.

அடுத்தது வயசானவங்க. எடுத்தவுடனே நாம ஏன் இப்படி இருக்கோம்னு கேட்டுறாதீங்க, தேத்தண்ணி கூட கிடைக்காது. பெரிய கங்காணிய பத்தி ஆரம்பிங்க. தமிழ்நாட்டுல இருந்து ஆள் சேத்து கூட்டியாந்தது அவரு தான், வந்த வழிச்செலவே கடனா தலையில ஏறிரும், வேற தோட்டத்துக்கு போகணும்னா தொரை குடுக்குற துண்டு, அதாவது கடன் எழுதின சீட்டு, வேணும், அதுல உள்ள கடன அந்த தோட்டத்துக்காரன் கட்டணும், அப்புறம் கடன் அங்க தொடரும். 1921ல தான் துண்டு முறைய ஒழிச்சாங்க. கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஆள் கணக்குக்கு தலைக்காசு. சாதியையும் இங்கயே கேளுங்க, ஆனா சுத்தி வளைச்சு, அந்தக் காலத்துல எந்த லயத்துல யாரு இருந்தாங்க, யாரு வீட்டுல தண்ணி குடிப்பாங்கன்னு.

குடியுரிமைப் பேப்பர் பத்தி கேக்காம எழும்பாதீங்க, நம்ம கதையில பெரிய காரணம் அது. 1947 எலெக்சன்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல இருந்து 7 பேர் பாராளுமன்றம் போனாங்க, அடுத்த வருசம் குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவங்க நாடில்லாதவங்களா ஆனாங்க, வோட்டும் போச்சு. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு ஆள பங்கு போட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு 2003ல தான் சட்டம் வந்துச்சு. வோட்டில்லாத ஆளுக்கு எவன் ரோடு போடுவான்? வீட்டுல யாருக்கு எந்த வருசம் ஐசி (அடையாள அட்டை) கெடச்சுதுன்னு கேட்டு எழுதுங்க.

இன்னொரு நாள் கொழுந்து நிறுக்குற எடத்துல நில்லுங்க. கொழுந்து கூடை யாரு முதுகுல, தராசு யாரு கையில? பொம்பளைக்கு ஆம்பளைக்கு சமமா சம்பளம் வந்ததே 1984ல தான், அதுக்கு அப்புறமும் மேல நின்னு சத்தம் போடுறது பெரும்பாலும் ஆம்பள தான்.

டேவிஸ், மூர்னு ரெண்டு அமெரிக்க சமூகவியல்காரங்க 1945ல, முக்கியமான வேலைக்கு தெறமையான ஆள் வரணும்னு தான் சமூகம் கூட குடுக்குதுன்னு எழுதினாங்க. அத உங்க படத்துக்கு மேல வச்சு பாருங்க. ஒரு நாள் கொழுந்து எடுக்கலன்னா ஸ்டோர்ல (தேயிலை பாக்டரியில) மெசின் சும்மா நிக்கும், தொரை ஒரு கிழமை லீவு போனா? பரீட்சையில இத எழுதுனா நல்ல புள்ளி கிடைக்கும்னு நெனக்கிறேன், மார்க்கிங் பண்றவர பொறுத்தது.

ஆள் பேர் எழுதாதீங்க, லயம் நம்பரும் வேணாம். நான் படம் வரஞ்சிட்டு இருந்தப்ப வாட்ச்சர் வந்து யாருகிட்ட கேட்டு எழுதுறன்னு அதட்டுனாரு, அவரு எங்க பக்கத்து லயம் தான். அதையும் கொப்பில எழுதிட்டேன்.