படுக்கையில் இருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடுவது எப்படி?

அப்பா படுக்கையில் விழுந்த முதல் வாரம், ஒரே துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தலை முதல் கால் வரை தேய்த்துவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரவெல்லாம் முதுகைச் சொறிந்துவிடச் சொன்னார். சோப்பை முழுதாகத் துடைத்தெடுக்காததுதான் காரணம் என்று மறுநாள் வந்த செவிலியர் சொன்னார். தோலின் பிஎச் (அமில-கார) அளவு ஏறத்தாழ 5, லேசான அமிலத்தன்மை. சாதாரணச் சோப்புக்கட்டியோ 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்கிறது. வயதானவரின் வறண்ட தோலில் அது தங்கிவிட்டால் அரிக்காமல் என்ன செய்யும்?

தண்ணீர் ஊற்றாமல் துடைப்பதும் குளியல்தானா என்று தயங்க வேண்டாம். பழைய ரோமானியர்கள் உடம்பில் எண்ணெய் தடவி, வளைந்த உலோகக் கருவியால் அழுக்கோடு சேர்த்து வழித்தெடுத்தார்கள். கி.பி. 216ஆம் ஆண்டு ரோம் நகரில் திறக்கப்பட்ட காரகல்லா குளியல் மாளிகையிலும் அந்தக் கருவிக்கு வேலை இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ, வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விட்டுவிடும் என்று அஞ்சி, சட்டையை மாற்றுவதே சுத்தம் என்று பலர் இருந்துவிட்டார்கள். அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

1. முன்னேற்பாடு. இரண்டு பேசின்கள் (ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, ஒன்று வெறும் வெந்நீருக்கு), ஐந்தாறு சிறிய பருத்தித் துணிகள், ஒரு பெரிய துண்டு, மேலே மூட ஒரு போர்வை, அடியில் விரிக்கப் பிளாஸ்டிக் விரிப்பு, மாற்றுடை. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்; பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால் ஈர உடம்போடு அவர் நடுங்குவார். மின்விசிறியை நிறுத்துங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

2. தண்ணீர். சுமார் 40 டிகிரி செல்சியஸ். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். உள்ளங்கையை நம்பாதீர்கள், அது சூட்டுக்குப் பழகியது. ஆறினாலோ கலங்கினாலோ உடனே மாற்றுங்கள்.

3. முகம். கண்ணுக்குச் சோப்பு கிடையாது. மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு முனை, இல்லையென்றால் ஒரு கண்ணின் தொற்று மறு கண்ணுக்குப் போய்விடும்.

4. கைகளும் மார்பும். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதை மூடியே வைத்திருங்கள். மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கித் துடையுங்கள். சோப்புத் துணி, வெறும் தண்ணீர்த் துணி, உலர்ந்த துண்டு என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அக்குள், மார்பின் அடி மடிப்பு, தொப்புள் ஆகிய இடங்களில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பவுடரைக் கொட்டி ஈரத்தை மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது மடிப்பில் கட்டிதட்டி உறுத்தும். இந்த இடத்திலேயே மேல்சட்டையைப் போட்டுவிடலாம். ஒரு பக்கம் செயலிழந்தவர் என்றால் செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்துவிடுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

5. கால்கள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக உலர்த்துவதைத் தவிர இதில் சிரமம் இல்லை.

6. முதுகு. தண்ணீரை மாற்றிவிட்டு, அவருடைய முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கமாகத் திருப்புங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் இருந்தால் அது இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பதைவிட இங்கே பார்ப்பதுதான் முக்கியம். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்னந்தலை எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ளதைவிடக் கருமையாகவோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது, உள்ளே நைந்துபோன சதை மேலும் கெடும். அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுக்கவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்படி முழுதாகத் துடைப்பது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். முகம், கை, அக்குள், அந்தரங்கப் பகுதி மட்டும் தினமும்.

7. அந்தரங்கப் பகுதி. இதற்குப் புதுத் தண்ணீர், புதுத் துணி. முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும்; பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வராமல் இருக்க இது மிக அவசியம். கை அசையக்கூடியவர் என்றால் அவரையே செய்யவிடுங்கள். நான் துணியைப் பிழிந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். முடிந்ததும் தொண்டையைக் கனைப்பார்.