பசும்பாசி ஸ்போர் முளைக்கவில்லையா? ஒளியைப் பழிக்குமுன் கவனிக்க வேண்டிய தவறுகள்

நன்னீர்ப் பசும்பாசிகளின் ஸ்போர்கள் (புதிய பாசியாக வளரும் நுண்ணிய இனப்பெருக்க அலகுகள்) எந்தச் சூழலில் முளைக்கின்றன என்பது தாவரவியல் மாணவர்களுக்குக் கைக்கு அடக்கமான ஆய்வுத் தலைப்பு. சில பெட்ரித் தட்டுகள், ஒரு குழல்விளக்கு, ஒரு நுண்ணோக்கி இருந்தால் தொடங்கிவிடலாம். அதனாலேயே அவசரமும் கூடவே வந்துவிடுகிறது. இன்றைய ஒளி, இன்றைய வெப்பம், இன்றைய நீர் என்று குறித்துக்கொள்பவர்கள், அந்த ஸ்போர் நேற்றுவரை எங்கே, எப்படி இருந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். குளறுபடிகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

எந்த ஸ்போர் என்று சொல்லாமல் விடுவது முதல் தவறு. ஊடோகோனியம் என்ற இழைப்பாசியின் இயங்குஸ்போர் நீந்தி, ஏதாவது ஒன்றில் ஒட்டி, உடனே இழையாக வளரத் தொடங்கிவிடும். அதே பாசியின் ஊஸ்போருக்கு, அதாவது கருவுற்ற முட்டைக்கு, தடித்த சுவர் உண்டு. அது வறட்சியைத் தாண்டிப் பிழைப்பதற்காக உருவானது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் அந்த அட்டவணையால் பயனில்லை.

கிளாமிடோமோனஸ் ரெயின்ஹார்டி என்ற ஒருசெல் பாசியைப் பார்ப்போம். நைட்ரஜன் தீரும்போதுதான் இதன் செல்கள் கேமீட்டுகளாக (பாலினச் செல்களாக) மாறி, இரண்டிரண்டாக இணைந்து தடித்த சுவருள்ள சைகோஸ்போர் ஆகின்றன. இதைப் படித்துவிட்டு, நைட்ரஜன் இல்லாத ஊடகத்திலேயே சைகோஸ்போரும் முளைத்துவிடும் என்று காத்திருப்பது வீண். உருவாக வேண்டிய சூழல் வேறு, முளைக்க வேண்டிய சூழல் வேறு. மரபியல் ஆய்வகங்களின் வழக்கமான முறை இதைத் தெளிவாகக் காட்டும். இணைந்த செல்களை அகார் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) தட்டில் பரப்பி ஏறக்குறைய ஒரு நாள் ஒளியில் வைப்பார்கள். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி 5, 6 நாள் இருட்டில் வைப்பார்கள். அடுத்து, இணையாமல் எஞ்சிய செல்களை மழுங்கிய பிளேடால் வழித்தெடுப்பார்கள். சைகோஸ்போர்கள் அகாரைப் பற்றிக்கொண்டு நிற்கும். சுமார் 30 விநாடி குளோரோஃபார்ம் ஆவி காட்டினால் மிச்சமிருக்கும் சாதாரணச் செல்களும் செத்துவிடும்; தடித்த சுவருக்குள் இருப்பவை பிழைக்கும். (ஆவி வெளியேறும் வசதியுள்ள இடத்தில் செய்யுங்கள். பிளாஸ்டிக் தட்டில் துளி பட்டால் தட்டே கரையும்.) நைட்ரஜன் உள்ள புதிய அகாருக்கு மாற்றி ஒளியில் வைத்தால், குன்றல்பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல்பகுப்பு) முடிந்து பெரும்பாலும் நான்கு செல்கள் வெளிவரும்.

இருட்டு நாட்களைச் சுருக்குபவர்கள், முதிராத சைகோஸ்போர் முளைக்காததற்கு வெப்பநிலையைக் குறை சொல்வார்கள். குளோரோஃபார்மைத் தவிர்ப்பவர்களுக்கோ பழைய செல்கள் பெருகுவதே முளைப்பாகத் தெரியும்.

குளத்தடியில் செடிபோல வளரும் கேரா என்ற பாசியின் ஊஸ்போர் இன்னும் பிடிவாதமானது. குளிர்நாட்டு ஆய்வுகளைப் பார்த்து அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவது பலரும் செய்வது. ஊஸ்போரை எடுத்த குளம் கோடையில் வறண்டு வடகிழக்குப் பருவமழையில் நிறைவது என்றால், உலர்த்தி நனைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும். காற்றுக் குமிழி விட்டால் நல்லது என்ற எண்ணத்தையும் ஒத்திவையுங்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றுச் சூழல் சில இனங்களில் முளைப்பைத் தூண்டுகிறது. இன்னொன்று, இருட்டில் வைத்த தட்டைத் தினமும் திறந்து பார்ப்பது. கேரா இனங்கள் சிலவற்றில் சிவப்பொளி முளைப்பைத் தூண்டுகிறது. உடனே தொலைசிவப்பொளி (சிவப்பைவிடச் சற்று நீண்ட அலைநீள ஒளி) காட்டினால் அந்தத் தூண்டல் அழிகிறது. அவ்வளவு நுட்பமாக ஒளியை உணரும் ஒன்றை வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினால் அது இருட்டுத் தட்டு ஆகாது. பார்க்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு வையுங்கள். திறந்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.

ஒளித் தட்டு ஜன்னலோரம், இருட்டுத் தட்டு அலமாரிக்குள் என்பதும் பிழைதான். அங்கே ஒளியோடு வெப்பமும் மாறுகிறது. இருட்டுத் தட்டைத் தாளில் சுற்றி அதே விளக்கின் கீழேயே வையுங்கள். பிஎச் அளவை முதல் நாள் மட்டும் எடுத்தால் போதாது. ஒளியில் பாசி கார்பன் டைஆக்சைடை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செம்புக் குடத்து நீர் நமக்கு நல்லது என்பார்கள். பாசிக்கு அது நஞ்சு. மிகச் சிறிதளவு செம்பு கரைந்த நீரே ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியைக் கொல்வதைத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி கண்டறிந்தார். அவர் மறைந்தபின் 1893இல் அது வெளியானது. செம்புக் கலனில் வடித்த நீரும், குளோரின் கலந்த குழாய் நீரும் வேண்டாம்.

கடைசியாகக் கணக்கு. ஸ்பைரோகைரா சைகோஸ்போரில் குன்றல்பகுப்பால் வரும் நான்கு உட்கருக்களில் மூன்று அழிய, ஒரே இழைதான் முளைக்கும். கிளாமிடோமோனஸ் கணக்கை இங்கே போடக்கூடாது. கேராவில் முளைக்காமல் நின்ற ஊஸ்போர்களை இடுக்கியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்பவை உறங்கிக்கொண்டிருக்கக்கூடும், நொறுங்குபவை வெறும் கூடு. அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும்.